ஐந்து விரல், இரண்டு விரல்

ஜூன் 9, திங்கள்

மழை இன்னும் வரவில்லை. காற்று அசையவே இல்லை. ஃபேன் வெறும் சத்தத்துக்குச் சுற்றுகிறது.

இன்று:
– பேச்சி அக்காவை 8.30-க்குள் கிளப்ப வேண்டும்
– சம்மதப் படிவம், தமிழ், 6 பிரதி
– மூக்குக் கிளிப் புதிது (பழையதில் பஞ்சு போய்விட்டது)
– அம்மா இன்ஹேலர் எவ்வளவு மிச்சம்?

பேச்சி அக்கா எங்கள் மாடியில் இரண்டு வீடு தள்ளி. தாராவியில் பை தைக்கும் பட்டறையில் வேலை. எங்கள் பில்டிங்கிலிருந்து ஆராய்ச்சிக்கு வரும் ஆறு பேரில் முதல் ஆள். மற்ற ஐந்து பேரையும் பிடித்துக் கொடுத்தது அவள்தான்.

சயான் வரை நடை, அங்கிருந்து பஸ். செம்பூர் வரும்வரை அக்கா மூக்குத்தியைப் பற்றியே பேசினாள். கல்யாணத்துக்குக் குத்தியது, கழற்றியதே இல்லை, துளை தூர்ந்துவிடும். ஆனால் கழற்றாமல் முடியாது. தலைப் பக்கம் உலோகம் ஆகாது, மூக்கில் கிளிப்பும் மாட்டவேண்டும். லேப் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு திருகினாள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு ஈர்க்குச்சித் துண்டை எடுத்துத் துளையில் செருகிக்கொண்டாள். வீட்டிலிருந்தே தயாராக வந்திருக்கிறாள்.

எங்கள் வேலையை இந்த நோட்டில் இதுவரை ஒழுங்காக எழுதியதில்லை. எழுதிப் பார்க்கிறேன். ஆரோக்கியமான ஒருவரின் வாயில் குழாய். குழாயில் ஒரு தடை, இழுத்து இழுத்துத்தான் மூச்சு விட முடியும். மணி அடிக்கும்போதெல்லாம் எவ்வளவு முட்டுகிறது என்று விரலால் காட்ட வேண்டும், பூஜ்யத்திலிருந்து பத்து வரை. வாயில் குழாய் இருப்பதால் பேச்சு கிடையாது. பிறகு குழாயை எடுத்துவிட்டு, எட்டு என்ற எண் வடிவில் ஒரு காந்தச் சுருளைத் தலையில் வைத்து, டக் டக்கென்று சில நிமிடம். பிறகு மறுபடி குழாய், மறுபடி விரல். மூச்சு முட்டும் உணர்வை மூளை எங்கே செய்கிறது, அதைக் கொஞ்சம் இறக்கி வைக்க முடியுமா. கேள்வி இவ்வளவுதான்.

சிலருக்கு நிஜச் சுருள். சிலருக்கு சத்தம் மட்டும் போடும் பொய்ச் சுருள். யாருக்கு எது என்று சுருளைப் பிடிக்கும் நிதினுக்கு மட்டும் தெரியும். எனக்கும் ஆராய்ச்சியை நடத்தும் குல்கர்ணி மேடத்துக்கும் கடைசியில்தான்.

ஆரம்பத்தில் அளவு பார்க்க எல்லோருக்கும் நிஜச் சுருளால் ஒரு தட்டு. கட்டைவிரல் தானாகத் துள்ளும். அக்கா தன் விரலை முறைத்துப் பார்த்தாள். "ஏட்டி கோமதி, இத யாரு ஆட்டுதா?"

குழாயில் அக்கா பாறை மாதிரி இருந்தாள். சுருளுக்கு முன் ஐந்து விரல். பின் இரண்டு. மேடம் முகத்தில் அரைச் சிரிப்பு.

இன்ஹேலரில் 14 தடவைக்குத்தான் மிச்சம். போன வாரம் அம்மா 30 என்றாளே.

ஜூன் 10, செவ்வாய்

முருகன் அண்ணன் (தோல் பட்டறை), ஏழாம் மாடி ஸ்டெல்லா. இருவருக்கும் முன் ஐந்து, பின் இரண்டு.

"உங்கள் பில்டிங் என்ன யோகா ஆசிரமமா?" என்கிறான் நிதின். போன வாரம் சுனாபட்டியிலிருந்து வந்த காலேஜ் பையன்கள் எட்டு, ஒன்பது என்று காட்டி, ஒருவன் குழாயைப் பிடுங்கி எறிந்தே விட்டான். எங்கள் ஆட்கள் உழைத்த உடம்பு என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அடுத்த செவ்வாய் எங்கள் முடிவுகளைப் பார்க்கக் கமிட்டி. அதில் சரி என்றால் இரண்டாம் கட்டம். காசநோய் குணமாகி, ஆஸ்பத்திரிக் கணக்கில் எல்லாம் சரியாகி, ஆனாலும் மூச்சு முட்டுகிறவர்கள். அதாவது அம்மா. பத்து வருடம் முன்னால் ஆறு மாதம் மாத்திரை, குணம். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு. விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டினால் 97. ஒவ்வொரு தடவையும் டாக்டர் 97-ஐக் காட்டி, டென்ஷன் எடுத்துக்கொள்ளாதீர்கள் மா ஜி என்பார். அம்மாவும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள்.

நான் எடுக்காமல் வேறொருவர் பதிவு எடுத்தால் அம்மாவும் சேரலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் சொன்னேன். "அந்தத் தட்டுற மிஷினா? பாப்போம்." ஆனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டே பிறகு இரண்டு தடவை அதைப் பற்றிக் கேட்டாள்.

தக்காளி வாங்க மறந்தேன்.

ஜூன் 11, புதன்

லிஃப்ட் நின்றுவிட்டது. பதினோரு மாடி. சொசைட்டி செக்ரட்டரி சாமான் வரணும் என்கிறார். எங்கிருந்து, எப்போது, சொல்லவில்லை.

அம்மா ரேஷன் கடையிலிருந்து மேலே வர முக்கால் மணி நேரம். கேட்டதற்கு, நாலாம் மாடி ராணி அத்தை பிடித்துக்கொண்டாள், பேச்சு இழுத்துவிட்டது என்றாள். உதடு ஒரு மாதிரி வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். "ஒண்ணுமில்ல. வெயில்."

லேபில் நாலாவது ஆள். முன் ஐந்து. பின் இரண்டு.

பழைய நாவல்களில் காசநோய்க்காரிகள் ஜன்னலோரம் படுத்து, வெள்ளைக் கைக்குட்டையோடு அழகாகச் சாகிறார்கள். குணமாகி, பத்து வருடம் உயிரோடு இருந்து, ரேஷன் அரிசியோடு பதினோரு மாடி ஏறுகிறவளை யாரும் எழுதிப் படித்ததில்லை. லைப்ரரியில் திருப்பிக் கொடுக்க வேண்டியது இரண்டு, தேதி தாண்டிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

காலை ஐந்தாவது ஆள். எழுதத் தேவையில்லை. ஐந்து, இரண்டு.

மதியம் மேடம் எல்லோருடைய எண்களையும் கோடுகளாக்கி ஒரே திரையில் போட்டார். எங்கள் பில்டிங்கின் ஐந்து கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டு, அழகாக இறங்கின. கமிட்டிக்கு இந்தப் படம் போதும் என்றார் மேடம். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். இஞ்சி அதிகம்.

எல்லோரும் போன பிறகு வீடியோக்களை ஓட்டிப் பார்த்தேன். சும்மாதான். கையை மட்டும் பார்த்தால் இரண்டு விரல். கழுத்தைப் பார்த்தால் நரம்பு புடைத்துக்கொண்டிருக்கிறது. நாடித்துடிப்பு 118. பேச்சி அக்காவின் கால்விரல்கள் பத்தும் உள்ளே மடங்கியிருக்கின்றன. ஸ்டெல்லாவின் கண்ணில் தண்ணீர். உடம்பு எட்டு என்கிறது. விரல் இரண்டு.

உணர்வும் உடம்பும் ஒன்றாகப் போவதில்லை என்பதைத்தானே நாங்கள் படிக்கிறோம், அதனால் இது நல்ல செய்திதான் என்று பஸ்ஸில் எனக்கு நானே விளக்கினேன். சயான் வருவதற்குள் விளக்கம் தீர்ந்துவிட்டது. ஐந்து பேருக்கு ஒரே மாதிரி எதுவும் வலிக்காது. ஐந்து பேருக்கு ஒரே மாதிரி இட்லிகூடப் பிடிக்காது.

மாடி ஏறும்போது ஆறு தாண்டியதும் மேலே பேச்சுக் குரல். பே. அக்கா. நாளை வரவேண்டிய லட்சுமியோடு ஏழாம் மாடிப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். அப்படியே எழுதுகிறேன், மறக்காமல் இருக்க.

"பயப்படாதளா. வாயில குழாய வைப்பாவ, மூக்க அடைப்பாவ. மொதல்ல அஞ்சு வெரலு காட்டு. பொறவு தலையில டக்கு டக்குன்னு தட்டுவாவ. தட்டி முடிச்சதும் ரெண்டு. ஒண்ணு காட்டிராத, சந்தேகம் வந்துரும்."

"ரொம்ப முட்டுச்சுன்னா?"

"முட்டத்தான் செய்யும். குழாயக் கடிச்சுக்கிட்டு ரெண்டு காட்டு. அந்த முருகன் நாலு காட்டுவேன்னான், நல்லா ஏசுனேன். நம்ம கோமதி பாஸாவ வேண்டாமா?"

கோபம் வரவேண்டியது எனக்கு. ஆனால் தக்காளிப் பையோடு சத்தமில்லாமல் ஒரு மாடி கீழே இறங்கி, அவர்கள் போகும்வரை நின்றேன். திருடி மாதிரி.

ஜூன் 13, வெள்ளி

லட்சுமியை வரவேண்டாம் என்றேன். மிஷின் ரிப்பேர் என்று பொய். என் பங்குக்கு நானும் ஒன்று.

அம்மா பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். படியில் காதில் விழுந்ததைச் சொல்லி, உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். மறைக்கவில்லை.

"நாந்தான் பேச்சிட்ட சொன்னேன். மிஷின் வச்சா கொறையணும், கொறஞ்சாத்தான் அடுத்தது ஆரம்பிப்பாவன்னு நீதான சொன்ன?"

சொன்னது உண்மை. அதைவிட மோசம்: படிவத்தைத் தமிழில் விளக்கும்போது எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். 'இந்தச் சுருள் மூச்சுமுட்டலைக் குறைக்கும் என்று நம்புகிறோம்.' படிவத்தில் அந்த வரி கிடையாது. பயப்படாமல் இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது. விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்திருக்கிறேன்.

குறையவில்லை என்றாலும் அதுவும் ஒரு விடைதான், என் வேலை போகாது என்றேன்.

"எந்த ஆபீஸ்லட்டி அப்படி?"

என் கான்ட்ராக்ட் ஜூலையோடு முடிகிறது. நீட்டிப்பார்களா என்று எனக்கே தெரியாது.

அப்பா விக்ரோலி ஷிஃப்ட் முடித்து வந்தார். படி ஏறிய களைப்பில் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு குளிக்கப் போனார்.

ஜூன் 14, சனி

மழை. காலை நாலு மணியிலிருந்து. எல்லா வீட்டிலும் ஜன்னல் சாத்தும் சத்தம், பிறகு எல்லா வீட்டிலும் திறக்கும் சத்தம்.

மேடத்திடம் சொல்லாமல் இருக்கக் காரணங்கள்:
1. செவ்வாய் கமிட்டி. மேடம் இரண்டு வருடம் இதற்காக அலைந்தவர்.
2. அம்மா.
3. பே. அக்காவும் மற்றவர்களும் பொய்க்காரர்கள் ஆகிவிடுவார்கள். ஒருவரும் கெட்டது நினைக்கவில்லை.
4. என் தப்பும் வெளியே வரும்.
5. ஒருவேளை நிஜமாகவே குறைந்திருந்தால்?

சொல்லக் காரணங்கள்:
1. குறையவில்லை என்றால்.

இரண்டாவது பட்டியலில் வேறு எழுத வரவில்லை.

குடையோடு இறங்கினேன், லைப்ரரி. நாலாம் மாடியில் ராணி அத்தை வீட்டில் பூட்டு. கைப்பிடியில் தூசி. எதிர்வீட்டுக்காரர் சொன்னார், பள்ளிக்கூட லீவுக்கு ஊருக்குப் போனவர்கள், மே மாதத்திலிருந்து ஆளில்லை.

அந்தப் படியில் கொஞ்சம் உட்கார்ந்தேன். உட்காரும் இடம் மட்டும் தூசியில்லாமல் இருந்தது. அம்மாவின் முக்கால் மணி நேரம் இங்கேதான்.

அம்மாவிடம் தினமும் கேட்கிறேன், எப்படிம்மா இருக்கு. ஒண்ணுமில்ல. இன்ஹேலர் எவ்வளவு மிச்சம். நெறைய. இவ்வளவு நாளாக வீட்டுக்குள்ளேயே ஒருத்தி எனக்கு இரண்டு விரல் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதைச் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டிருந்திருக்கிறேன். 97-ஐக் காட்டும் டாக்டர் மேல் எனக்கு என்ன கோபம்.

புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்ததே மறந்து, திருப்பிக் கொடுக்காமல் மேலே ஏறிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. எதையும் எழுதத் தோன்றவில்லை. மேடத்திடம் பேச வேண்டிய வாக்கியங்களை மூன்று மொழியில் ஒத்திகை பார்த்தேன். எந்த மொழியிலும் நன்றாக இல்லை.

ஜூன் 16, திங்கள்

சொன்னேன்.

ரயில்கள் தாமதம், மேடம் பத்தரைக்கு நனைந்து வந்தார். புடவை காயட்டும் என்றுகூட விடவில்லை. படியில் கேட்டது, படிவத்தில் நான் சேர்த்த வரி, எல்லாம். இங்கிலீஷில் தொடங்கி எப்படியோ ஹிந்தியில் முடிந்தது.

எத்தனை பேர் என்றார். ஐந்து. கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் படத்தைத் திரையில் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார். "நல்ல கோடுகள்," என்று மராத்தியில் தனக்குத்தானே சொன்னார். செத்தவர்களைச் சொல்வது மாதிரி.

பிறகு போன். கமிட்டிக்கு. ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொன்னார். காரணம் கேட்டிருப்பார்கள் போல, எங்கள் பக்கம் தவறு, திருத்துகிறோம் என்றார். எங்கள் என்றார். கோமதி என்று சொல்லவில்லை.

வைத்த பிறகு என்னைத் திட்டினார். நியாயமான திட்டு, பத்து நிமிடம். அந்த ஒரு வரிக்காக. முடித்துவிட்டு, தானும் அந்தக் கோடுகளைப் பார்த்து நான்கு நாள் நிம்மதியாகத் தூங்கியதாகச் சொன்னார். வீடியோவைப் பார்க்கத் தனக்குத் தோன்றவே இல்லையாம்.

"கோடு அழகா இருந்தா நானும் வீடியோ பார்க்கிறதில்லை. இனிமே பார்க்கணும்."

கான்ட்ராக்ட் பற்றிக் கேட்கத் தைரியம் இல்லை. அவரே சொன்னார், புதிதாக ஐந்து ஆள் வேண்டும், தமிழில் விளக்க ஆள் வேண்டும், அதனால் அக்டோபர் வரை எங்கும் போகாதே. புதிய விளக்கத்தை நான் எழுதி, அவர் பார்த்து, அதிலிருந்து ஒரு சொல்கூட மாறக்கூடாது.

வெளியே வந்து பாத்ரூமில் அழுதேன். அரை நிமிடம்தான். பசி எடுத்தது. வடாபாவ் இரண்டு.

ஜூன் 17, செவ்வாய்

தள்ளுபடி ஆன ஐந்து பேருக்கும் எந்தச் சுருள் என்று எழுதி ஒட்டிய உறைகளைப் பிரிக்கலாம் என்றார் மேடம். நிதின் சீட்டு எடுப்பது மாதிரி எடுத்தான். இரண்டு நிஜம், மூன்று பொய். பே. அக்காவுக்குப் பொய்ச் சுருள். அன்று வெளியே வந்ததும், மண்டைக்குள்ள குளுகுளுன்னு இருக்குட்டி என்று சொன்னவள்.

சிரித்தேன். நிதினுக்கு விளக்க முடியவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இது என் பரீட்சை இல்லை, குறைந்தாலும் குறையாவிட்டாலும் நான் பாஸ்தான், தப்பு நான் விளக்கியதில். அவள் காதில் கடைசிப் பகுதி விழவில்லை.

"நாங்க பொய் சொல்லிட்டோம்னு சொல்லுத. அப்படித்தான?"

கதவைச் சாத்தவில்லை, ஆனால் உள்ளே போய் மிக்ஸியைப் போட்டாள். மிக்ஸியில் ஒன்றும் இல்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது. மூக்குத்தி திரும்ப ஏறிவிட்டது, பார்த்தேன்.

ஜூன் 19, வியாழன்

லிஃப்டுக்குச் சாமான் வந்துவிட்டது. பொருத்த ஆள் வரவேண்டும்.

சாயங்காலம் அம்மாவும் நானும் காய்கறியோடு ஏறினோம். நாலாம் மாடியில் அம்மா பூட்டிய கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் படியில் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் கழித்துக் கீழேயிருந்து பே. அக்கா, கையில் தண்ணீர் கேன். இரண்டு நாளாகப் பேச்சில்லை. தாண்டிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். இரண்டு படி கீழே கேனை வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

பிறகு அக்காவே, சுவரைப் பார்த்து:

"தலகாணிய வச்சு அமுக்குனாப்ல இருந்துச்சு. போதும்டா சாமின்னு ஆயிருச்சு. நெசமா காட்டணும்னா ஒம்பது."

"ஏன் கையைத் தூக்கலை? தூக்கினா உடனே நிறுத்தியிருப்போமே அக்கா."

"ஒங்க அம்மா மொகம் கண்ணுக்குள்ள நின்னுச்சு. தெனம் தெனம் அவ படுதா, நான் ஒரு நிமிசம் பட மாட்டனான்னு நெனச்சேன்."

அம்மா காய்ப் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஒண்ணுமில்ல என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"எனக்கு அப்படி இல்ல பேச்சி," என்றாள். "யாரும் அமுக்கல. காத்து உள்ள வரத்தான் செய்யுது. ஆனா பத்தல. சாப்பிட்டுக்கிட்டே இருக்கோம், பசி போவ மாட்டேங்கு. அந்த மாதிரி."

பத்து வருடத்தில் முதல் தடவை. நான் படித்த கட்டுரைகளில் இதே உணர்வுக்குப் பெரிய பெரிய பெயர்கள் இருக்கின்றன. ஒன்றுகூட இவ்வளவு தெளிவாக இல்லை.

"பெறகு ஏம்க்கா எங்ககிட்ட சொல்லல?" என்றாள் பே. அக்கா.

"மிஷின்ல 97-னு வருது. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல."

யாரும் எழுந்திருக்கவில்லை. மேலே போகிற ஒரு வீட்டுக்காரர், என்ன மீட்டிங்கா என்று கேட்டுவிட்டுப் போனார். ஆமா, வாங்க, செக்ரட்டரிய ஏசுதோம் என்றாள் அக்கா.

அம்மா சொன்னதை வீட்டுக்கு வந்தவுடன் எழுதிவிட்டேன். ஒரு சொல் மாற்றவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மேடத்திடம் அம்மாவின் வாக்கியத்தைச் சொன்னேன். அதை ஒரு மஞ்சள் தாளில் எழுதித் திரை ஓரத்தில் ஒட்டினார். இரண்டாம் கட்டம் வருகிறபோது வரட்டும், அதுவரை அம்மா ஏன் காத்திருக்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி தரும் பிரிவு ஒன்று இருக்கிறதாம், நெஞ்சு டாக்டர் எழுதிக் கொடுத்தால் சேரலாம். புதன் காலை ஓபிடி, வெளிநோயாளிப் பிரிவு.

இவ்வளவு நாள் அம்மாவை அந்த மிஷினுக்கு மட்டுமே காத்திருக்க வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான் என்பதால்.

புதிய விளக்கம், தமிழ், நாலாவது வரைவு. 'குறையலாம், கூடலாம், மாறாமலும் இருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் உங்களைக் கேட்கிறோம்.' நான் ஹிந்தியில் சொல்ல, மேடம் கேட்டுச் சரி என்றார். 'எங்களுக்குத் தெரியாது' என்பதை எழுதும்போது ஏனோ சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 23, திங்கள்

புது ஆட்கள். பே. அக்காவின் நாத்தனார் வழி, சுனாபட்டி. பழையவர்களை மறுபடி எடுக்க முடியாது, அவர்களுக்கு எல்லாம் தெரியும். அக்கா கூட வந்தாள், வெளியே பெஞ்சில் காவல். வந்தவர்கள் உள்ளே என்ன நடக்கும் என்று கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாது, வாயத் தொறக்கக்கூடாதுன்னு ஆர்டர்," என்கிறாள். முகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்தவள் முகம். நிதின் அவளை வராண்டாவின் கடைசி பெஞ்சுக்கு மாற்றினான்.

முதலில் சாந்தி, முப்பது வயது, கடையில் கணக்கு எழுதுகிறவள். எழுதி வைத்ததை மட்டும் வாசித்தேன். முன்: ஆறு, ஆறு, ஏழு. சுருள். பின்: ஏழு. எட்டு. கையைத் தூக்கினாள், நிறுத்தினோம்.

வெளியே வந்து, "கூடிருச்சே, தப்பாக்கா?" என்று என்னைக் கேட்டாள். தப்பே இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை.

இரண்டாவது ஆள்: முன் ஏழு, பின் நாலு. மூன்றாவது: முன் ஐந்து, பின் ஐந்து. மூன்று கோடும் மூன்று பக்கம். மேடம் திரையைப் பார்த்து, "அப்பாடா, மனுஷங்க," என்றார். வீடியோ மூன்றையும் உட்கார்ந்து முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அந்த ஏழு – நாலு என் தலைக்குள் சுற்றுகிறது. ஒரு ஆள். ஒன்றும் அர்த்தமில்லை. பொய்ச் சுருளாகக்கூட இருக்கலாம். ஆனாலும்.

லிஃப்ட் ஓடுகிறது. ஐந்தாம் மாடியில் மட்டும் நிற்கவில்லை.

ஜூன் 25, புதன்

மழை விட்டு விட்டு. ஓபிடி வரிசை 41. அம்மா நல்ல புடவை, பவுடர். ஃபைல், எக்ஸ்ரே, இன்ஹேலர் (உண்மையான கணக்கு: 3).

போகும்போது பஸ்ஸில் அம்மா, அவரு 97-னு சொன்னா என்ன செய்ய என்றாள். சொல்லட்டும் என்றேன். பிறகு வழி முழுக்க உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

டாக்டர் இளையவர், புதியவர். விரலில் கருவியை மாட்டினார். 97. பழைய டாக்டர் மாதிரியே தலை நிமிராமல், மா ஜி, தக்லீஃப் என்ன என்றார். என்ன கஷ்டம் என்று அவர் கேட்டதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லவும், அவள் சொல்வதை அவருக்குத் திருப்பிச் சொல்லவும் வாயைத் திறந்தேன். எப்போதும் நான்தான் செய்வது.

அம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். சும்மா இரு என்று அர்த்தம். அவளுடைய ரேஷன் கடை ஹிந்தியில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக:

"ஹவா ஆத்தா ஹை டாக்டர் சாப். பன் பூரா நை படதா. கானா காத்தா ஹை, பூக் நை ஜாத்தா. வைசா."

படியில் சொன்ன அதே வாக்கியம், காற்று வருகிறது, பத்தவில்லை, சாப்பிட்டும் பசி போகவில்லை; பஸ்ஸில் முணுமுணுத்தது இதைத்தான்.

டாக்டர் கருவியை அவள் விரலிலிருந்து கழற்றி ஓரமாக வைத்தார். நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். எப்போதிலிருந்து என்று கேட்டார்.

அம்மா சொல்லத் தொடங்கினாள். வெளியே 42-ஐக் கூப்பிட்டார்கள், அவர் கதவைச் சாத்தச் சொன்னார். எழுந்து போய்ச் சாத்தினேன்.